இன்ஜெக்டர் வாங்குவதற்கு முன்: இறக்கக்கண்டித் தம்பியின் டபிள் கெப்புக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். ஆறு மாதத்துக்கு முன் 2010ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கெப் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். 3.0 லீற்றர் டீசல் எஞ்சின், மனுவல் கியர். இறக்கக்கண்டியில் படகை டிரெயிலரில் வைத்துக் கடற்கரைக்கு இழுப்பதும், கிழமையில் இரண்டு நாள் மீன் ஏற்றிக்கொண்டு தம்புள்ளை, கண்டி என்று போவதும் அதன் வேலை. இரண்டு மாதமாக நாலந்தா தாண்டி மாத்தளைக்கு ஏறும்போது திடீரென்று இழுவை போய்விடுகிறது, எஞ்சின் லைட் எரிகிறது. ஓரமாக நிறுத்திச் சாவியை மூடித் திறந்தால் பழையபடி ஓடுகிறது. காலையில் ஸ்டார்ட் ஆகவும் நேரம் எடுக்கிறது. கராஜில், சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நான்கு இன்ஜெக்டரையும் டீசல் பம்பையும் மாற்றச் சொல்லிவிட்டார்கள். செலவைக் கேட்டதும் வாகனத்தை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறீர்கள்.

இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள், விற்கவும் வேண்டாம். நீங்கள் எழுதியதில் எங்கேயும் ஒரு அளவு இல்லை. பம்ப் அழுத்தம் எவ்வளவு, எஞ்சின் லைட்டின் குறியீட்டு எண் என்ன, இன்ஜெக்டர்கள் எவ்வளவு டீசலைத் திருப்பி விடுகின்றன என்று ஒருவரும் பார்த்ததாகத் தெரியவில்லை. அளக்காமல் சொன்ன வைத்தியத்துக்கு இவ்வளவு காசு கொடுக்கக் கூடாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கே இது நடந்தது. பல வருடங்களுக்கு முன் என்னிடம் இருந்த கெப்பும் இதேபோலச் சுமையில் இழுவை விட்டது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ போய்விட்டது என்று ஒரு கராஜில் சொன்னார்கள், நம்பி மாற்றினேன். ஹபரணைக்குப் போகும் வழியில் மறுபடியும் அதே கதை. கடைசியில் பார்த்தால், டர்போவில் இருந்து காற்று போகும் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. கழற்றித் திருப்பிப் பார்த்தால் மட்டுமே தெரியும் இடம். அந்த டர்போவின் காசில் அந்த வருடம் வீட்டுக் கூரையைப் போட்டிருக்கலாம். அன்றிலிருந்து மலிவானதில் தொடங்கி விலை கூடியதை நோக்கித்தான் தேடுவேன். உங்களுக்கும் அந்த ஒழுங்கிலேயே சொல்கிறேன்.

சாவியை மூடித் திறந்தால் சரியாகிறது என்பது பெரிய துப்பு. உடைந்த பாகம் சாவியைத் திருப்பினால் ஒட்டிக்கொள்ளாது. உங்கள் வாகனத்தின் கணினி, அதாவது ஈசியூ, ஏதோ ஓர் அளவு எல்லை தாண்டியதைக் கண்டு, எஞ்சினைக் காப்பாற்றத் தானாகவே இழுவையைக் குறைத்திருக்கிறது. சாவியை மூடியதும் அந்தக் காவல் விலகுகிறது. ஆனால் எதைக் கண்டது என்பதை அது எழுதி வைத்திருக்கும். அந்த எழுத்தை வாசிக்க வேண்டும். பற்றரி வயரைக் கழற்றி மாட்டினால் லைட் அணைந்துவிடும், கூடவே அந்தக் குறிப்பும் அழிந்துவிடும். உங்கள் கராஜில் அப்படிக் கழற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். இனி யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள்.

கணினி எழுதி வைத்ததை வாசிக்கிற, புளூடூத்தில் வேலை செய்யும் சின்ன ஓபிடி கருவி ஒன்று வாங்குங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சொக்கட்டில் செருகி, கைபேசியில் பார்க்கலாம். அடுத்த முறை லைட் எரிந்ததும், சாவியை மூடுவதற்கு முன் குறியீட்டை எழுதி வையுங்கள். பி0087 என்று வந்தால் டீசல் அழுத்தம் குறைவு. பி1229 என்று வந்தால் அழுத்தத்தை அடக்கும் பக்கம், பெரும்பாலும் பம்பின் வால்வு. பி0299 என்றால் டர்போக் காற்று போதவில்லை, பி0234 என்றால் காற்று கூடிவிட்டது. டீசல் பக்கமா, காற்றுப் பக்கமா என்பது இதிலேயே பாதி தெரிந்துவிடும்.

இனி இந்த எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்களுடையது 1கேடி எஃப்டிவி, நான்கு சிலிண்டர், 2982 சிசி. பழைய டீசல் பம்ப் போல ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனித்தனியாகத் தள்ளுவதில்லை. பம்ப் டீசலை ஒரு தடித்த இரும்புக் குழாய்க்குள் அடைத்து வைக்கும். அதைத்தான் ரெயில் என்கிறோம். அங்கிருந்து கணினி சொல்லும் நேரத்தில் இன்ஜெக்டர் திறந்து மூடும். சும்மா நின்று ஓடும்போதே அந்தக் குழாய்க்குள் 300 பார் அளவில் அழுத்தம் இருக்கும். சுமையில் 1,000 பாரைத் தாண்டிப் போகும். டயரில் இருப்பது 2, 3 பார்தான் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் ஓடுகிற எஞ்சினில் அந்தக் குழாய்களைத் தளர்த்திப் பார்ப்பது, கசிவு இருக்கிறதா என்று கையால் தடவுவது, இரண்டும் கூடவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஊசி போன்ற டீசல் தாரை தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் சின்னப் புள்ளி மட்டும் தெரியும், உள்ளே கை அழுகத் தொடங்கும். அப்படி ஏதும் பட்டால், வலிக்காவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் டீசல் ஏறியது என்று சொல்ல வேண்டும். பழைய லொறிகளில் நட்டைத் தளர்த்தித்தான் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்போம். அந்தப் பழக்கத்தில் இதையும் தொடுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள், உங்கள் வீட்டிலும் சொல்லி வையுங்கள்.

சரி, டீசல் பக்கம். இந்தப் பம்புக்குள் ஒயில் கிடையாது, டீசலேதான் அதற்கு எண்ணெய். தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்தால் இரும்பும் இரும்பும் உரசும். உங்கள் மச்சான், இன்ஜெக்டரைக் கழுவ டாங்கிக்குள் இரண்டு போத்தல் மண்ணெண்ணெய் விடச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். படகு எஞ்சின்களுக்கு மண்ணெண்ணெய் விட்டுப் பழகிய கையில் அது சாதாரணமாகத் தோன்றும். இந்த எஞ்சினுக்கு வேண்டாம். அவரோடு இதற்காக வாக்குவாதப்பட வேண்டியதில்லை, டாங்கியின் மூடியைப் பூட்டி வைத்தால் போதும்.

நான் சந்தேகப்படும் முதல் இடம் டீசல் பில்டர். நீங்கள் வாங்கும்போது பழைய சொந்தக்காரர் பில்டரை எப்போது மாற்றினார் என்று கேட்டீர்களா? 2022இல் டீசலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் எத்தனையோ பேர் பீப்பாவிலும் கேனிலும் சேர்த்து வைத்தார்கள். அந்த டீசலோடு துருவும் தண்ணீரும் டாங்கிக்குள் போயிருக்கும். அது அடியில் தங்கி, மேட்டில் ஏறும்போதும் டாங்கி குறையும்போதும் கலங்கி வரும். பில்டரின் அடியில் ஒரு சிறு திருகு இருக்கிறது. கீழே கண்ணாடிப் போத்தல் ஒன்றைப் பிடித்து, திருகைத் தளர்த்தி, மேலே இருக்கும் கைப்பம்பை அமுக்குங்கள். வருவதைப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அந்தப் போத்தலுக்குள் இருக்கிறது. பில்டரை மாற்றுங்கள், தண்ணீர் கூட என்றால் டாங்கியையும் இறக்கிக் கழுவுங்கள். இதன் பிறகு 10,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை பில்டர், வாடைக் காலம் தொடங்குமுன் ஒரு முறை தண்ணீர் வடிப்பு, இதை விட்டுவிடாதீர்கள். பௌசர் வந்து டீசல் இறக்கிக்கொண்டிருக்கும் பெற்றோல் செட்டில் அந்த நேரத்தில் அடிக்க வேண்டாம், நிலத்தாங்கியின் அடி கலங்கியிருக்கும்.

அடைத்த பில்டர் சும்மா ஓடும்போது தொந்தரவு தராது. சுமையில் எஞ்சின் கூடுதலாக டீசல் கேட்கும்போதுதான் பற்றாக்குறை தெரியும். அதனால்தான் நிலாவெளி வீதியில் சுகமாக ஓடிய வாகனம் மாத்தளை ஏற்றத்தில் மூச்சு முட்டுகிறது. நம்முடைய பக்கம் முழுக்கச் சமதரை. நகரத்துக்குள் ஓர்ஸ்ஹில் ஏற்றத்தை விட்டால் எஞ்சினைச் சோதிக்க மேடே இல்லை. ஆனபடியால் கோளாறு இங்கே ஒளிந்திருந்து, வீட்டில் இருந்து நூறு கிலோமீற்றருக்கு அப்பால் போய் வெளிப்படும்.

காலை ஸ்டார்ட் பிரச்சினைக்கு ஒரு எளிய சோதனை. பலர், ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கைச் சொல்வார்கள். குளிர்நாட்டுக்கு அது சரி. திருகோணமலையில் விடியற்காலையிலும் 24, 25 பாகை வெப்பம் இருக்கும்போது இந்த எஞ்சின் குளோ பிளக் இல்லாமலே பிடிக்க வேண்டும். நாளைக் காலை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் அந்தக் கைப்பம்பை அது இறுகும்வரை அமுக்குங்கள். பிறகு சாவியைத் திருப்புங்கள். உடனே பிடித்தால், இரவில் எங்கோ காற்று உள்ளே நுழைந்து டீசல் டாங்கிக்குத் திரும்பி ஓடுகிறது. பில்டர் மூடியின் ரப்பர், குழாய் கிளிப், துருப்பிடித்த இரும்புக் குழாய், இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். அமுக்கியும் மாற்றம் இல்லை என்றால் பற்றரியைப் பாருங்கள். ஓடாமல் நிற்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், ஸ்டார்ட்டர் சுற்றும்போது பத்துக்குக் கீழே விழுந்தால் நல்லதல்ல. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் ரெயிலில் அழுத்தம் ஏறாது, ஏறாவிட்டால் கணினி இன்ஜெக்டரைத் திறக்காது. கடற்கரை வாகனங்களில் பற்றரியின் மறை (நெகடிவ்) வயர் சேசிசில், அதாவது வாகனத்தின் அடிச்சட்டத்தில், பூட்டியிருக்கும் இடம் பச்சை பூத்துப் போயிருக்கும். உப்புத்தாளால் தேய்த்துக் கிரீஸ் பூசினாலே சில வாகனங்கள் குணமாகிவிடுகின்றன.

இதெல்லாம் சரியாக இருந்தும் பி0087 அல்லது பி1229 வந்தால், பம்பின் முதுகில் இருக்கும் எஸ்சிவி என்கிற சிறு வால்வைப் பார்க்க வேண்டும். பம்ப் டென்சோ நிறுவனத்துடையது. எவ்வளவு டீசல் உள்ளே போக வேண்டும் என்பதை இந்த வால்வுதான் அடக்குகிறது. இது இறுகினால் நின்று ஓடும்போது எஞ்சின் ஏறி இறங்கும், சிலவேளை சந்தியில் அணையும், சுமையில் வெட்டும். இதைத் தனியாக மாற்றலாம், பம்பைக் கழற்ற வேண்டியதில்லை. பம்ப் பழுது என்று தூக்கி எறியப்பட்ட சிலவற்றில் பழுது இந்த வால்வில் மட்டுமே இருந்ததை நான் கண்டிருக்கிறேன். மாற்றிய பிறகு கணினியில் புது வால்வைப் பழக்க வேண்டும், அதற்கு உரிய கருவி உள்ள இடத்தில் செய்யுங்கள். அசல் சாமானாக வாங்குங்கள். இந்த ஒரு விஷயத்தில் மலிவுப் பிரதி வேலைக்காகாது.

காற்றுப் பக்கத்தில், முதலில் ஏர் பில்டர். கச்சான் அடிக்கிற மாதங்களில் நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் புழுதி எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு, டர்போக் காற்றைக் குளிராக்கும் இன்டர்கூலருக்குப் போய் வரும் குழாய்கள். எல்லாவற்றையும் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து மடக்கிப் பாருங்கள். குழாயின் வெளியே ஓரிடத்தில் மட்டும் எண்ணெய் ஈரமும் புழுதியும் ஒட்டியிருந்தால் அங்கேதான் காற்று வெளியேறுகிறது. அதற்கப்புறம் ஈஜிஆர் வால்வு. புகையின் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் விடுகிற அமைப்பு அது. கரி படிந்து திறந்தபடி ஒட்டிக்கொண்டால் எஞ்சின் தன் புகையையே சுவாசிக்கும், கறுப்புப் புகை கக்கும், வருட அனுமதிப்பத்திரத்துக்கு எடுக்கிற புகைப் பரிசோதனையிலும் விழும். தகரம் வெட்டி அதை அடைத்துவிடச் சொல்வார்கள். நான் அடைப்பதில்லை, கழற்றிக் கழுவுகிறேன். ஒரு பின்னேர வேலைதான். டர்போவின் உள்ளே அசையும் சிறு இதழ்களும் கரியில் இறுகும். எப்போதும் மெதுவாக ஊருக்குள் ஓடுகிற வாகனங்களில் இது கூட. உங்கள் வாகனம் கண்டி போய் வருவதால் அந்த அபாயம் குறைவு.

இனி இன்ஜெக்டர். கராஜ்காரர் சொன்னது பிழை என்று நான் சொல்லவில்லை, சரியாகவும் இருக்கலாம். 2,80,000 கிலோமீற்றர் என்று மீற்றர் காட்டுகிற வாகனத்தில் இன்ஜெக்டர் தேய்ந்திருப்பது அதிசயமல்ல. ஆனால் நிரூபிக்கச் சொல்லுங்கள். எஞ்சின் சூடாக, நின்று ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டருக்கும் கணினி எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று ஸ்கேனரில் காட்டும். கூட்டல் மூன்றுக்கும் கழித்தல் மூன்றுக்கும் இடையில் நான்கும் இருந்தால் அவசரம் இல்லை. ஒன்று மட்டும் ஐந்து, ஆறு என்று தனியாக நின்றால் அதைக் கழற்றிச் சோதனை மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும். திரும்பி வருகிற டீசலை நான்கு சிறு போத்தல்களில் பிடித்து ஒப்பிடவும் முடியும். இவ்வளவையும் செய்த பிறகும் நான்கும் போய்விட்டது என்றால், மாற்றுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை. புது இன்ஜெக்டரின் தலையில் எழுதியிருக்கும் நீண்ட குறியீட்டைக் கணினியில் பதியாமல் வாகனத்தை வெளியே எடுக்காதீர்கள்.

இன்ஜெக்டர் பற்றிய இன்னொரு விஷயம் இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லாவற்றிலும் இதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. ஒவ்வொரு இன்ஜெக்டரின் அடியிலும் ஒரு செப்பு வாஷர் இருக்கிறது, எரிகிற வாயு மேலே வராமல் அடைப்பதற்கு. இந்த எஞ்சின் வகையில் அந்த வாஷர் கசிவது உலகம் முழுக்கத் தெரிந்த குறை. கசிந்தால் அந்தப் புகை, எஞ்சினின் மேலே இருக்கும் வால்வு மூடிக்குள் புகுந்து எஞ்சின் ஒயிலைத் தார் போலத் தடிக்க வைக்கும். அந்தக் கரி இறங்கி, அடித்தட்டில் ஒயிலை உறிஞ்சும் வலையை அடைக்கும். ஒரு நாள் ஒயில் மேலே போகாது. டாஷ்போர்டில் ஒயில் லைட் எரியும்போது நீங்கள் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இரவில் இருப்பீர்கள். அது யானை கடக்கிற பாதை. எஞ்சினும் போய், நடுக்காட்டில் நிற்கவும் வேண்டி வரும்.

ஆகவே இந்தக் கிழமையே ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே கறுப்பாக, கெட்டியாகக் கரி ஒட்டியிருக்கிறதா? எஞ்சின் குளிராக இருக்கும்போது மேலே இருந்து ஷ்சிக் ஷ்சிக் என்று ஒரு சத்தம் வருகிறதா? ஒயில் மாற்றி ஆயிரம் கிலோமீற்றரிலேயே மை போலக் கறுத்துத் தடிக்கிறதா? இதில் ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால், அடித்தட்டைக் கழற்றி அந்த வலையைப் பாருங்கள், வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். வாஷரின் விலை மிகச் சிறியது, கூலிதான் செலவு. உங்கள் கராஜ்காரரிடம் இன்ஜெக்டர் கழற்றும் வேலை கொடுத்தாலும், வாஷரையும் வலையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். ஒயிலை 5,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை மாற்றுங்கள். கிட்டத்தட்ட ஏழு லீற்றர் போகும், கை கடிக்கத்தான் செய்யும். ஆனாலும் அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஒயில் அளவுக்கோலில் மட்டம் குறைவதை எல்லோரும் பார்ப்பார்கள். மட்டம் தானாகக் கூடினால் அதைவிட மோசம், டீசல் ஒயிலுக்குள் இறங்குகிறது.

டைமிங் பெல்ட்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1,50,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், டாஷ்போர்டில் அதற்கென ஒரு லைட்டும் வரும். லைட்டை அணைத்துவிட்டுப் பெல்ட்டை மாற்றாமல் விற்றவர்களும் உண்டு. முன் மூடியைக் கழற்றிப் பெல்ட்டைக் கண்ணால் பார்த்தால்தான் நம்பலாம். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடுகிறீர்களா? கரையோரக் கிணறுகளில் உவர் இருக்கும். கூலன்ட் விடுங்கள். சூடேறி ஒரு முறை எஞ்சினின் சிலிண்டர் தலை வெடித்தால் இன்ஜெக்டர் செலவு சின்னதாகத் தெரியும்.

அடுத்தது கடல். எஞ்சினை விட உங்கள் வாகனத்தைத் தின்னப்போவது அதுதான். படகை இறக்க டிரெயிலரோடு பின்னால் போகும்போது பின் சில்லு தண்ணீருக்குள் இறங்குகிறது. அதற்கு முன் தார் வீதியில் ஓடி வந்ததால் பின் அச்சும் பெயரிங்கும் சூடாக இருக்கும். சூடான இரும்பு சட்டென்று குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும், சுருங்கினால் வெளியில் இருப்பதை இழுக்கும். வெளியில் இருப்பது கடல்நீர். ரப்பர் சீலையும் மூச்சுக்குழாயையும் தாண்டி அது உள்ளே போய்விடும். பின் அச்சின் நடுவில் இருக்கும் டிபரென்ஷல் பெட்டியின் ஒயிலை வடித்துப் பாருங்கள், பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் ஏற்கெனவே குடித்துவிட்டது. கரைக்கு வந்ததும் உடனே இறக்காமல், கால்மணி நேரம் அச்சு ஆறட்டும். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்தான். அச்சின் மேலே இருக்கும் மூச்சுக்குழாயை நீளமான ரப்பர் குழாய் போட்டுப் பெட்டியின் உயரத்துக்கு ஏற்றிக் கட்டுங்கள். டிரெயிலரின் பெயரிங்கை மாதம் ஒரு முறை கழற்றிக் கிரீஸ் அடையுங்கள். இதைவிட நல்ல வழி, நீளமான கயிறு கட்டி டிரெயிலரை மட்டும் தண்ணீருக்குள் விட்டு, கெப்பை ஈரமில்லாத மணலில் நிறுத்துவது. புறாமலைக்கு ஆட்களை ஏற்றுகிற போட்காரர்களிடம் கேட்டால் சேர்ந்து கை கொடுப்பார்கள்.

மணலில் புதைந்தால் ஆக்சிலேட்டரை அழுத்தாதீர்கள், டயர் காற்றை 16, 18 பிஎஸ்ஐ வரை இறக்குங்கள். தாருக்கு ஏறியதும் மறக்காமல் அடித்துக்கொள்ளுங்கள். நான்கு சில்லு ஓட்டத்தைக் காய்ந்த தார் வீதியில் போடக் கூடாது, உள்ளே முறுக்கேறி உடையும்.

மீன் ஏற்றுவதிலும் ஒரு சேதம் ஒளிந்திருக்கிறது. ரெஜிபோம் பெட்டியில் இருந்து வடிகிற ஐஸ் தண்ணீர் மீன் இரத்தமும் உப்பும் கலந்தது. அது பின் தட்டின் இடுக்கால் இறங்கிச் சேசிசின் மேல் விழுந்து, பெட்டி போன்ற அந்த இரும்பின் உள்ளே போய்த் தங்கும். வெளியே பெயின்ட் பளபளவென்றிருக்கும், உள்ளே இருந்து அரித்துக்கொண்டு வரும். தட்டில் தடித்த ரப்பர் விரிப்புப் போட்டு, வடிகிற தண்ணீரைக் குழாய் வைத்து நேரே நிலத்துக்கு விடுங்கள். கழுவும்போது மேலே கழுவுவதைவிட அடியைக் கழுவுவது முக்கியம், சேசிசின் பக்க ஓட்டைகளுக்குள் குழாயை விட்டு உள்ளே அடியுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் உப்பின் மேல் உப்புத்தான், நல்ல தண்ணீர் கிடைக்கிற இடத்தில் செய்யுங்கள். காய்ந்த பிறகு உள்ளே மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெய் தெளியுங்கள். கழிவு ஒயிலைப் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ரப்பரைக் கெடுக்கும், மழையில் வழிந்து கிணற்றுக்கும் போகும்.

வாடை வெள்ளத்தில், வெருகல் பக்கமோ கந்தளாய்ப் பக்கமோ, பம்பர் மட்டத்துக்கு மேல் தண்ணீர் என்றால் திரும்பி வாருங்கள். தண்ணீரில் அணைந்தால் மறுபடி ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் போயிருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்துவிடும்.

விற்பதா என்று கேட்டீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025இல்தான் மறுபடி திறந்தது. வரி கூடியபடியால் புதியவை எட்டாத உயரத்தில் இருக்கின்றன. விற்றுவிட்டால் அதே காசில் இதைவிட நல்லது கிடைக்காது, இன்னொருவர் மறைத்த கோளாறுதான் கிடைக்கும். என் தீர்ப்பைச் சேசிஸ்தான் முடிவு செய்யும், எஞ்சின் அல்ல. எஞ்சினை எப்படியும் செய்யலாம். ஒரு சிறிய சுத்தியல் எடுத்து அடியில் படுத்து, பின் வில்தகடு தொங்கும் இடம், டிரெயிலர் கொக்கி பூட்டிய இடம், முன் வலது சில்லுக்குப் பக்கம் சேசிஸ் இலக்கம் அடித்திருக்கும் இடம், இந்த மூன்றிலும் தட்டுங்கள். கணீர் என்றால் நல்லது. மொத்தென்று கேட்டாலோ துகள் உதிர்ந்தாலோ படகு இழுப்பதை அன்றே நிறுத்துங்கள். பாரத்தோடு கொக்கி பிய்ந்தால் பின்னால் வருகிறவருக்கும் ஆபத்து. இலக்கம் துருவில் அழியத் தொடங்கியிருந்தால் அந்த இடத்தை மட்டும் மெதுவாகச் சுத்தம் செய்து தெளிவான பெயின்ட் பூசுங்கள், யாரையும் அங்கே வெல்டிங் வைக்க விடாதீர்கள். இலக்கம் வாசிக்க முடியாத வாகனத்தைப் பெயர் மாற்றுவது பெரிய அலைச்சல்.

இந்த ஞாயிறு போத்தல் சோதனையையும் கைப்பம்பு சோதனையையும் செய்யுங்கள், ஒயில் மூடியின் உள்ளேயும் பாருங்கள். அடுத்த முறை கண்டி போகும்போது ஓபிடி கருவியைச் செருகி, கூட வருகிறவரைக் கைபேசியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்றத்தில் மூன்றாம் கியரில் முழுதாக அழுத்தும்போது கணினி கேட்கும் ரெயில் அழுத்தம் எவ்வளவு, உண்மையில் இருப்பது எவ்வளவு, டர்போக் காற்று எவ்வளவு என்ற மூன்று எண்களும் எனக்கு வேண்டும். லைட் எரிந்தால் குறியீட்டையும் சேர்த்து அனுப்புங்கள். இன்ஜெக்டருக்குப் போக வேண்டுமா இல்லையா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பாரம் கூட ஏற்ற வேண்டாம், இரவில் கந்தளாய் தாண்டிப் போகவும் வேண்டாம்.